கறிவேப்பிலைக்கு வரிசை எண்

பொருள் வாங்குவதற்காகவே ஒரு கம்பெனி எனக்கு இருபது வருடமாகச் சம்பளம் கொடுத்துவருகிறது. நட்டு, போல்ட், அட்டைப்பெட்டி, மசகு எண்ணெய், கேண்டீனுக்கு அரிசி என்று எதுவானாலும் பர்ச்சேஸ் பிரிவில் என் மேஜையைத் தாண்டித்தான் உள்ளே வரும். சப்ளையர்கள் என்னிடம் பேச வருவதற்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்கள் என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். கேலிதான் என்றாலும் எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். எதிராளி நாற்காலியில் உட்காரும் தோரணையிலேயே அவர் எவ்வளவு இறங்கி வருவார் என்று எனக்குத் தெரிந்துவிடும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்றால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

இப்படிப்பட்டவள் சொந்த வீட்டுக்கு ஒழுங்காக ஒரு கத்திரிக்காய் வாங்கியதில்லை. வீடு மல்லேஸ்வரம், அலுவலகம் ஒயிட்ஃபீல்டு. காலை ஏழரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப எட்டாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை நானும் கணவரும் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய் ஒரு வாரத்துக்கு வேண்டியதை டிராலியில் வாரிப் போட்டுக்கொண்டு வருவோம். புதன்கிழமைக்குள் கீரை மஞ்சளாகிவிடும். வியாழக்கிழமை வெண்டைக்காய் கொழகொழத்துவிடும். வெள்ளிக்கிழமை வெளியே சாப்பிட்டுவிடுவோம். ஊர் உலகத்தில் எல்லோரும் இப்படித்தான் இருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

கொரோனாவில் அலுவலகத்தை மூடினார்கள். கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகும் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னார்கள். முதல் மாடியில், தெருவைப் பார்த்த ஜன்னலோரம் மேஜையைப் போட்டுக்கொண்டேன். ஒரு நாள் காலை பத்தரை மணிக்குக் கோயம்புத்தூர் சப்ளையர் ஒருவரிடம் அட்டைப்பெட்டி விலையை இறக்கிக்கொண்டிருந்தேன். தெருவிலிருந்து ஒரு குரல் எழும்பியது.

"சொப்பே... மெந்திய சொப்பு, சப்பசிகே சொப்பு, தண்டு சொப்பே..."

பெங்களூரில் எங்களைப் போன்ற தமிழர்களுக்கும் கீரை என்றால் சொப்புதான். வெந்தயக்கீரையும் சோயிக்கீரையும் தண்டுக்கீரையும் அந்தக் குரலில் ஏறி, மாடி மாடியாகத் தட்டிவிட்டுப் போயின. மறுமுனையில் சப்ளையர் பேச்சை நிறுத்திவிட்டார்.

"மேடம், அங்க யாரோ உங்களைக் கூப்புடறாங்க போலங்க."

"என்னை இல்ல சார். கீரை விக்கறாங்க. நீங்க விலையைச் சொல்லுங்க."

"அந்தச் சத்தத்துல எனக்கு விலையே மறந்துபோச்சுங்க மேடம்" என்றார் அவர்.

இருபது வருடமாக என் தெருவில் தினமும் ஒலித்த குரல் அது. அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன். வேலை நாளில் பத்தரைக்கு நான் தெருவில் இருந்ததே இல்லையே; ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்குச் சூப்பர் மார்க்கெட்டில் இருப்பேன்.

வீட்டிலேயே இருக்க ஆரம்பித்ததும் நான் வாங்கும் பொருள்கள் ஒவ்வொன்றாக மாறின. காட்டன் புடவை, கைப்பை, செருப்பு இதெல்லாம் நின்றுபோயின. வீடியோவில் கழுத்துக்குக் கீழே யார் பார்க்கிறார்கள்? முதுகுக்கு ஒரு நல்ல நாற்காலி வாங்கினேன். அலுவலக மெஷின் காபியை இனிக் குடிக்க வேண்டாம் என்றானதும் வாரா வாரம் புதிதாக அரைத்த காபிப்பொடி வாங்க நடந்தே போனேன். பத்து நிமிடத்தில் வீட்டு வாசலுக்குக் காய் கொண்டுவரும் மொபைல் ஆப்பையும் விட்டுவைக்கவில்லை. அதில் வந்த பீர்க்கங்காயை வைத்து ஆளை அடிக்கலாம். திருப்பி அனுப்ப முடியாது, பணத்தை வேண்டுமானால் தருகிறோம் என்றார்கள். எனக்குப் பணமா பிரச்சினை? மத்தியானம் கூட்டுக்கு நான் என்ன செய்வது? அன்றோடு அதை அழித்துவிட்டு, பத்தரைக் குரலுக்குப் படி இறங்கினேன்.

குரலுக்குரியவர் ஐம்பத்தைந்து வயதிருக்கும் தமிழ்ப் பெண்மணி. தெருவில் எல்லோருக்கும் அவர் சொப்பு அக்கா. ஸ்ரீராமபுரத்தில் வீடு. விடியும் முன்பே கே.ஆர். மார்க்கெட்டில் சரக்கெடுத்து, தள்ளுவண்டியில் எங்கள் பக்கத்து நான்கைந்து தெருக்களைச் சுற்றுவார். முதல் நாளே என் வித்தையைக் காட்டினேன்.

"கிலோ தக்காளி இந்த விலைன்னா, அஞ்சு கிலோ எடுத்தா என்ன விலை போடுவீங்க?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அஞ்சு கிலோவா? இன்னாம்மா, வீட்டுல கல்யாணமா?"

"இல்ல, சும்மாதான். மொத்தமா எடுத்தா..."

"மொத்தமா எடுத்து இன்னா பண்ணுவே? நாளைக்கும்தான் நான் வரேனே."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். என் இருபது வருடச் சர்வீஸில் இப்படி மூக்கறுபட்டதில்லை. அரைக் கிலோ வாங்கினேன். பையைக் கட்டிக் கொடுத்த பிறகு அவர் கை தானாக ஈரச்சாக்குக்கு அடியில் போனது. ஒரு கைப்பிடி கறிவேப்பிலையும் கொஞ்சம் கொத்தமல்லியும் எடுத்து என் பைக்குள் திணித்தார். கொசுறு. விலை பேசித் தோற்றவளுக்கும் கொசுறு உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்தக் கொசுறைச் சில மாதங்கள் கவனித்துக்கொண்டே இருந்தேன். தொழில் புத்தி. ஆளுக்கு ஆள் அது மாறியது. எதிர்வீட்டுக் கீழ்த்தளத்தில் தையல் கடை வைத்திருப்பவர் தனி ஆள். கடைக்குப் பின்னாலேயே சமைத்துச் சாப்பிடுகிறவர். இரண்டு கத்திரிக்காய்தான் வாங்குவார். அவருக்குக் கறிவேப்பிலையோடு இரண்டு பச்சை மிளகாயும் போகும். எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்ணும் அவளைப் போன்ற ஐந்தாறு பேரும் மத்தியானம் வேலை முடிந்து திரும்பும்போது வண்டியில் மிச்சமிருப்பதை மலிவாக எடுத்துக்கொள்வார்கள். அவர்களுக்குக் கொசுறு பையை விடப் பெரிதாக இருக்கும். ஒரு நாள் நான் இருமிக்கொண்டே நின்றேன். ஒரு துண்டு இஞ்சியைத் திணித்துவிட்டு, "கசாயம் போட்டுக் குடி, கத்திக் கத்தி ஆபீஸ்ல பேசறியே" என்றார். நான் பேசுவது தெருவரைக்கும் கேட்டிருக்கிறது.

அந்த நாள்களில் நன்றாகவே சாப்பிட்டோம். குளிர்காலத்தில் அவரேக்காய் என்கிற பச்சை மொச்சை வரும். தோலில் எண்ணெய்ப் பிசுக்கும் கிறங்கடிக்கும் ஒரு வாசனையும் இருந்தால்தான் நல்ல காய். அதை முகர்ந்து பார்த்து எடுக்க அவர்தான் எனக்குக் காட்டினார். ஃபிரிட்ஜ் பாதி காலியாகக் கிடந்தது. கணவர் அலுவலகத்துக்கு மூன்றடுக்கு டப்பாவில் சாப்பாடு கொண்டுபோனார்.

இதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். என்னால் முடியாது.

அப்போது பார்த்து என் மேலதிகாரி தினமும் பத்தரை மணிக்கு மீட்டிங் வைக்க ஆரம்பித்தார். குரல் கேட்கும், என்னால் இறங்க முடியாது. மீட்டிங் முடிந்து ஓடினால் வண்டி அடுத்த தெருவில் இருக்கும். எங்கள் கட்டடத்தில் நான்கு வீடு, நான்கிலும் வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள், நான்கு பேருக்கும் இதே தொல்லை. ஒரு மதியம் எனக்கு யோசனை வந்துவிட்டது. நாலு வீட்டுக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு. மாலைக்குள் ஒவ்வொருவரும் வேண்டியதைப் போட்டுவிட வேண்டும். நான் அதைத் தொகுத்து வரிசை எண் கொடுத்துப் படித்து, குரல்பதிவாக அக்காவுக்கு அனுப்பிவிடுவேன். அவர் மறுநாள் வீட்டுக்கு ஒரு பை கட்டி கேட்டில் மாட்டிவிட்டுப் போய்விடலாம். கத்த வேண்டாம், காத்திருக்க வேண்டாம், எடுத்துவந்தது மிஞ்சுமோ என்ற கவலை வேண்டாம்.

அக்காவிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீ சொன்னா சரியாத்தான்மா இருக்கும். படிச்சவ" என்றார்.

கணவரிடம் பட்டியலைக் காட்டினேன். அவர் கடைசிவரைக்கும் படித்தார்.

"பதினாலு, கறிவேப்பிலை கொத்தமல்லி, வீட்டுக்கு ஒரு கட்டு, இலவசம். இது எதுக்கு?"

"எழுதலைன்னா மறந்துட்டாங்கன்னா?"

"இத்தனை நாள் மறந்தாங்களா?"

"சிஸ்டம்னு ஒண்ணு வந்தா எல்லாம் அதுல இருக்கணும்" என்றேன். அவர் சிரித்துவிட்டுக் குளிக்கப் போனார்.

நான்கு வீடு பதினொன்றாயிற்று, பதினொன்று இருபதைத் தாண்டியது. மீட்டிங் தொல்லை யாருக்குத்தான் இல்லை? பக்கத்துக் குறுக்குத் தெருவில் முன்பின் தெரியாதவர்கள்கூட என் நம்பரைக் கேட்டு வாங்கினார்கள். அலுவலகக் கூட்டம் ஒன்றில் இதை ஓர் உதாரணமாகவே சொன்னேன். கைதட்டினார்கள். தலைகால் புரியாத சந்தோஷம் எனக்கு. ஒரு தள்ளுவண்டியை முன்னேற்றிவிட்டேன் என்று உண்மையாகவே நம்பினேன்.

தெருவில் குரல் நின்றுபோனது. பத்து மணிக்கு வண்டி வரும். கட்டி வைத்த பைகள் கேட்டுகளில் ஏறும். பதினொன்றுக்குள் போய்விடும். கறிவேப்பிலை எல்லா வீட்டுக்கும் ஒரே அளவில், ரப்பர் பேண்டு போட்டு வந்தது. நான் ஜன்னலிலிருந்து கையசைத்தால் அவரும் அசைப்பார். என்னை "ஏம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் இப்போது குரல்பதிவில் "சரிங்க மேடம்" என்றார். மரியாதை கூடியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் பால் வாங்கப் போனபோது தையல்காரர் என்னை நிறுத்தினார்.

"இன்னா மேடம் இது? ரெண்டு கத்திரிக்கா கேட்டா, எல்லாம் ஆர்டர் பைன்றாங்க."

"நீங்களும் குரூப்ல சேர்ந்துக்குங்க. நம்பர் குடுங்க, இப்பவே போட்டுடறேன்."

"எனக்கு இன்னா வேணும்னு வண்டியப் பாத்தாதானே மேடம் தெரியும்? நேத்தே எப்படிச் சொல்றது?"

இப்படியும் ஒரு பிடிவாதமா என்று அவர்மேல் எனக்கு எரிச்சல்தான் வந்தது. எங்கள் வீட்டு வேலைக்காரப் பெண்ணும் ஒரு வாரம் கழித்துச் சொன்னாள். மத்தியானம் வண்டி இருப்பதில்லை, அதனால் மார்க்கெட்டுக்கு நடந்து போய்விட்டுத்தான் வீட்டுக்குப் போகிறாளாம். "நல்லதுதானே, அங்க இன்னும் சல்லிசா இருக்கும்" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். அவள் நின்ற நேரமும் நடந்த தூரமும் எனக்கு உறைக்கவே இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் அந்த வார்த்தைக்காக வெட்கமாக இருக்கிறது.

ஒன்றரை வருடம் இப்படி ஓடியது. பிறகு அலுவலகத்திலிருந்து மெயில் வந்தது. வாரத்தில் மூன்று நாள் வந்தாக வேண்டும். மாதம் திரும்புவதற்குள் மூன்று நான்காயிற்று. எங்கள் தெருவில் எல்லோருக்கும் முன்னே பின்னே இதே மெயில்தான். குழுவில் ஒவ்வொருவராக "இந்த வாரம் வேண்டாம்" என்றார்கள். பிறகு அதையும் சொல்லவில்லை. யார் வீட்டில் இருப்பார்கள், எந்த நாளில் சமைப்பார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அவசரத்துக்குத் திரும்பவும் அந்தப் பத்து நிமிட ஆப். பட்டியலைத் தொகுத்து அனுப்புகிற நானே இரண்டு நாள் அனுப்ப மறந்தேன்.

ஒரு திங்கட்கிழமை நான் அலுவலகத்தில் ஒரு சப்ளையரோடு உட்கார்ந்திருந்தேன். அக்காவிடமிருந்து போன் வந்தது.

"மேடம், பை கட்டிக் கொண்ணாந்துட்டேன். எந்த வீட்டுலயும் ஆளு இல்ல. கேட்டுல மாட்டறதா, இன்னா பண்றது?"

"அக்கா, நான் மீட்டிங்ல இருக்கேன். அப்புறம் கூப்பிடறேன்."

கூப்பிடவில்லை. அன்று மாலை ஞாபகம் வந்தது, களைப்பாக இருந்தது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். நாளைக்கு இன்னொரு மீட்டிங் இருந்தது.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை எனக்கு வீட்டிலிருந்து வேலை. பத்தரைக்குத் தெருவைப் பார்த்தேன். வண்டி இல்லை, பையும் இல்லை. பதினொரு மணிக்கு ஒரு சரக்கு ஆட்டோ ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரலை ஓடவிட்டுக்கொண்டு மெதுவாக உருண்டு போனது. வெங்காயம், உருளைக்கிழங்கு, தக்காளி. இறங்கிப்போய்த் தையல்காரரிடம் விசாரித்தேன். அவர் ஊசியில் நூல் கோப்பதை நிறுத்தவில்லை.

"பன்னெண்டு நாளாச்சு மேடம் அவங்க வந்து. இன்னும் மூணு நாள் போனா லைன் போயிடும்."

"லைன் போயிடும்னா?"

தள்ளுவண்டிக்காரர்களுக்குள் ஒரு வழக்கமாம். ஆளுக்கு நான்கைந்து தெரு, அதுதான் அவர்கள் லைன். அதில் வேறொருவர் நுழைய மாட்டார். உடம்புக்கு முடியாமல் போனாலும் ஊருக்குப் போனாலும் பதினைந்து நாள்வரை பொறுப்பார்கள். அதற்கு மேல் வரவில்லையென்றால் அந்த லைன் காலி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். சரக்கு ஆட்டோக்காரர் இப்போதே முன்னோட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறார். இருபது வருடம் கத்திக் கத்திச் சேர்த்த தெருக்கள் திங்கட்கிழமையோடு அக்காவுக்கு இல்லை.

ஒரு சப்ளையரை ஒரே வாடிக்கையாளரிடம் கட்டிப்போட்டால் என்ன ஆகும் என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. புதிதாகச் சேருகிறவர்களுக்கு நானே வகுப்பெடுத்திருக்கிறேன். தெருவில் நாற்பது, ஐம்பது பேரிடம் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுக்கொண்டிருந்தவரை என் ஒருத்தியின் பட்டியலுக்குள் அடைத்தேன். பிறகு பட்டியலை மூடிவிட்டு மெட்ரோ ஏறிவிட்டேன். கேட்டால் அதற்குப் பெயர் சிஸ்டம்.

மறுநாள் சனிக்கிழமை காலை, வீட்டு வேலைக்காரப் பெண்ணையே துணைக்கு அழைத்துக்கொண்டு ஸ்ரீராமபுரம் போனேன். ஒரு டீக்கடை ஓரம் சாக்கை விரித்து, எலுமிச்சம்பழமும் நாலு கட்டுக் கீரையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டி சுவரில் சாய்ந்து நின்றது. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறவில்லை.

"வா மேடம். இன்னா வேணும்?"

"ஏன்க்கா தெருவுக்கு வரலை?"

"யாருக்கு வரட்டும்? பை வாங்கறவங்க ஆபீஸ் போயிட்டாங்க. பை வாங்காதவங்கள நான் ஒன்றரை வருசமா திருப்பி அனுப்பிட்டேன். எந்த மூஞ்சிய வெச்சிக்கினு இப்ப போயி சொப்பே, சொப்பேன்னு கத்தறது?"

"தப்பு என்னோடதுக்கா. நான் யோசிக்கலை. நீங்க போன் பண்ணப்பவும் திரும்பக் கூப்பிடலை. மன்னிச்சிடுங்க."

மன்னிப்புக் கேட்பதில் எனக்குப் பழக்கம் குறைவு. அவர் ஒரு கட்டுக் கீரையை எடுத்து உதறி, பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டார்.

"நீ கெட்டதா நெனச்சிப் பண்ணல. அது எனக்குத் தெரியும். ஆனா என் வாயக் கட்டிட்டே. கொசுறுக்குக்கூட நம்பர் போட்டே பாரு. யாருக்கு எவ்ளோ குடுக்கணும்னு என் கைக்குத் தெரியாதா?"

பழக்கதோஷத்தில், நான் ஒரு திட்டம் சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"நீ ஒரு பிளானும் போட வேணாம். பத்தரைக்கு இப்ப தெருவுல யாரும் இல்ல. காலைல ஏழு மணிக்கு, ஆபீசுக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு சுத்து. மத்தியானம் வேலைக்காரப் பொண்ணுங்க திரும்பறப்ப ஒரு சுத்து. இத நான் நெனச்சிக்கினுதான் இருக்கேன். ஆனா கத்தினா யாராச்சும் எறங்கி வரணுமே. யாரும் வரலன்னா எல்லார் முன்னாடியும் பேஜாராயிடும்மா."

அவருக்கிருந்த பயம் அதுதான். நஷ்டத்தைக்கூடத் தாங்கிக்கொள்வார். கூப்பிட்ட குரலுக்கு ஒரு கதவும் திறக்காமல், தெரு நடுவில் நிற்பதைத் தாங்க முடியாது.

"திங்கக்கிழமை ஏழு மணிக்கு வாங்க. இறங்கி வருவாங்க" என்றேன்.

"நீ சொன்னா வருவாங்களா?"

"வர வைக்கறேன்."

குழுவில் ஒரு செய்தி தட்டிவிடுவது எனக்கு ஒரு நிமிட வேலை. அதைச் செய்யவில்லை. குழுவையே கலைத்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க இரண்டு தெருவிலும் படி ஏறி இறங்கினேன். இருபதுக்கும் மேற்பட்ட வீடு. அந்த வீடுகளில் பாதியில் நான் முகம் பார்த்துப் பேசுவது அதுதான் முதல் தடவை. வாட்ஸ்அப்பில் முள்ளங்கியும் முட்டைக்கோசுமாக மட்டுமே எனக்குத் தெரிந்தவர்கள். எல்லோரிடமும் ஒன்றைத்தான் சொன்னேன்: நாளைக்கு ஏழு மணிக்கு ஒரு குரல் கேட்கும், ஒரு எலுமிச்சம்பழமாவது வாங்க இறங்கி வாருங்கள், அவர் பிழைப்பைக் கெடுத்தது நான். பாதிப் பேர் "ஆகட்டும்" என்றார்கள். மீதிப் பேர் "பார்க்கலாம்" என்றார்கள். யார் வருவார்கள், யார் வர மாட்டார்கள் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. எதிராளியின் தோரணையிலேயே எல்லாம் தெரிந்துவிடும் என்றேனே, அன்றைக்கு அந்தப் பாச்சா பலிக்கவில்லை.

திங்கட்கிழமை ஆறே முக்காலுக்கே ஜன்னலில் நின்றேன். ஏழு அடித்துக் கொஞ்ச நேரத்தில் வண்டிச் சக்கரச் சத்தம் கேட்டது. தெருமுனையில் நின்றுவிட்டார். முதலில் குரல் வரவே இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு மெதுவாக, யாரையோ தூக்கத்திலிருந்து எழுப்பப் பயந்தவர்போல, "சொப்பே" என்றார். ஒரு கதவும் திறக்கவில்லை. ஓடிப்போய் நானே நிற்கலாமா என்றால், அது இரக்கத்துக்கு நிற்பதாகிவிடும்.

எதிரே தையல் கடையின் ஷட்டர் பாதி உயர்ந்தது. பனியனும் லுங்கியுமாக அவர் குனிந்து வெளியே வந்தார்.

"இன்னாக்கா சத்தமே வரல? கத்திரிக்கா இருக்கா?"

"இருக்குடா சாமி, வா."

அவ்வளவுதான். அடுத்த "சொப்பே..." மூன்றாம் மாடிவரை போய்த் திரும்பியது. எங்கள் கட்டடத்திலிருந்து இரண்டு பேர், பக்கத்திலிருந்து நான்கு பேர், குறுக்குத் தெருவிலிருந்து ஈரத் தலையோடு ஒருத்தி. பிறகுதான் நான் இறங்கினேன். என் பின்னாலேயே கணவரும் வந்து நின்றார். நடுவில் அந்தச் சரக்கு ஆட்டோவும் திருப்பத்தில் தலைகாட்டியது. ஆட்டோக்காரர் கூட்டத்தைப் பார்த்தார், ஒலிபெருக்கியை அணைத்தார், பின்னால் எடுத்துக்கொண்டு போய்விட்டார். இன்னும் இரண்டு நாள் வந்து பார்த்திருக்கிறார் என்று தையல்காரர் சொன்னார். அதன் பிறகு வரவில்லை. மத்தியானச் சுற்றும் ஒரு மாதத்தில் கூடிவிட்டது. எங்கள் வீட்டுப் பெண் மார்க்கெட்டுக்கு நடப்பதை நிறுத்தினாள்.

எல்லாம் சரியாகிவிட்டது, ஒன்றைத் தவிர. எனக்குக் கொசுறு வரவில்லை.

எடை சரியாக இருக்கும். நல்ல காயாகவே எடுத்துப் போடுவார். சிரித்துப் பேசுவார். பையைக் கட்டி என்னிடம் கொடுத்ததும் அவர் கை அடுத்த ஆளுக்குப் போய்விடும். எனக்கு முன்னால் நின்றவருக்குக் கறிவேப்பிலை போகும், பின்னால் நிற்பவருக்கும் போகும். உலகத்தில் உள்ள எல்லா சப்ளையரிடமும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கேட்டு வாங்குகிறவள் நான். இதை மட்டும் வாய் திறந்து கேட்க முடியவில்லை. கேட்டால் நிச்சயம் கொடுத்துவிடுவார். கேட்டு வாங்கினால் அது பழையபடி பதினாலாம் நம்பர்தானே. மூன்று மாதம் கடையில் தனியாகக் கறிவேப்பிலை வாங்கித் தாளித்தேன். கணவர் இதைக் கவனித்தார். கேலி செய்யாததிலிருந்தே அவருக்கும் விஷயம் புரிந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை சீக்கிரம் அலுவலகம் போக வேண்டியிருந்தது. காய் வாங்க நேரமில்லை. தோளில் லேப்டாப் பையோடு வண்டியைத் தாண்டி வேகமாக நடந்தேன். அக்காவைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள்.

"ஏம்மா! நில்லு."

அந்தப் பழைய "ஏம்மா." தெருவே திரும்பிப் பார்த்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். என் லேப்டாப் பையின் பக்கவாட்டு ஜிப்பை அவரே திறந்தார். ஈரம் சொட்டும் ஒரு பெரிய கொத்துக் கறிவேப்பிலையை உள்ளே திணித்தார்.

"நான் இன்னிக்கு ஒண்ணும் வாங்கலையேக்கா" என்றேன்.

"தெரியும், போ. ரயிலு போயிடப் போவுது" என்று சொல்லிவிட்டுத் தராசுக்குத் திரும்பிப் போனார்.

மெட்ரோவில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பையிலிருந்து கறிவேப்பிலை வாசனை பெட்டி முழுக்கப் பரவியது. பக்கத்தில் நின்ற ஒரு பெண் குனிந்து பார்த்து, இவ்வளவு நல்ல இலையை எங்கே வாங்கினீர்கள் என்று கன்னடத்தில் கேட்டாள். நானும் கன்னடத்திலேயே பதில் சொன்னேன்.

"வாங்கவில்லை. கொடுத்தார்கள்."